நாற்காலியில் யார், பதிவேட்டில் யார்? குழந்தைநல நிர்வாகத்தின் சாதி வரலாறு

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர், குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர், இல்லக் கண்காணிப்பாளர், விடுதிக் காப்பாளர், சத்துணவு அமைப்பாளர். பதவிப் பெயர்கள் பல; வேலையின் அடிப்படை ஒன்றுதான். ஒரு குழந்தை எங்கே தூங்கும், என்ன சாப்பிடும், யார் சமைத்ததைச் சாப்பிடும், எப்போது வீட்டுக்குத் திரும்பும் என்பதைப் பெற்றவர் அல்லாத ஒருவர் அரசின் பெயரால் முடிவு செய்கிறார்.

சமூகப்பணி படித்தும், தேர்வு எழுதியும் நம் தோழர்கள் சிலர் இந்த நாற்காலிகளுக்குப் போகிறார்கள். போகட்டும், இன்னும் நிறையப் பேர் போகட்டும். ஆனால் உட்காருவதற்கு முன்னால் அந்த நாற்காலி எங்கே செய்யப்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும். பாடப்புத்தகங்கள் குழந்தைநலத்தின் வரலாற்றைக் கருணையின் வரலாறாகச் சொல்கின்றன. நல்ல மனம் படைத்தவர்கள் இல்லம் திறந்தார்கள், அரசு சட்டம் போட்டது, திட்டம் வந்தது என்று கதை போகும். நம் மக்கள் அந்தக் கதையில் எப்போதும் பதிவேட்டில் பெயராகவே வருகிறார்கள். பதிவேட்டை எழுதிய கை யாருடையது என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. இந்தக் கட்டுரையில் நாம் அதைத்தான் கேட்கப் போகிறோம்.

புனேயில் ஒரு வீடு

தொடக்கத்தை நாம் 1863இல் வைக்கலாம். அந்த ஆண்டு புனேயில் ஜோதிராவ் புலேயும் சாவித்ரிபாய் புலேயும் தங்கள் வீட்டு வளாகத்திலேயே சிசுக்கொலைத் தடுப்பு இல்லம் ஒன்றைத் திறந்தார்கள். அன்றைய பிராமண வீடுகளில் சிறுவயதிலேயே விதவையான பெண்களுக்கு மறுமணம் கிடையாது. உறவினர்களாலேயே கெடுக்கப்பட்டுக் கருவுற்றால் வெளியே சொல்ல முடியாது. கருவைக் கலைப்பதும், பிறந்த குழந்தையைக் கொல்வதும், கிணற்றில் விழுவதும்தான் அவர்களுக்கு மிஞ்சியிருந்த வழிகள். அப்படிக் குழந்தையைக் கொன்றதாக ஒரு பிராமண விதவைக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்ட வழக்குதான் புலே தம்பதியை உலுக்கியது. யாரும் வந்து பாதுகாப்பாகப் பிள்ளை பெறலாம், குழந்தையை எடுத்துப் போவதும் விட்டுப் போவதும் அவரவர் விருப்பம் என்று ஊரறிய அறிவித்தார்கள்.

அந்த இல்லத்தின் அன்றாட வேலை முழுவதும் சாவித்ரிபாயின் தலையில் விழுந்தது. வந்த பெண்ணைப் பார்த்துக்கொள்வது, பேறுகாலம், பால், துணி, இரவு விழிப்பு எல்லாமே அவர் பொறுப்பு. இன்றைய வார்த்தையில் சொன்னால் அவர்தான் அந்த இல்லத்தின் மேலாளர். தோட்டக்கார மாலி சாதியில் பிறந்த சூத்திரப் பெண் அவர். பள்ளிக்குப் பாடம் நடத்தப் போனதற்காக சாணியும் சேறும் வீசப்பட்டவர். வீசிய சாதியின் பெண்களுக்குத்தான் தன் வீட்டுக் கதவைத் திறந்து வைத்தார்.

புலே 1884இல் எழுதிய குறிப்பில் இந்த இல்லத்தின் கணக்கு வருகிறது. அதுவரை சுமார் 35 விதவைகள் வந்து பிள்ளை பெற்றிருந்தார்கள். அந்தக் குழந்தைகளில் உயிரோடு இருந்தவர்கள் 5 பேர். கருவிலேயே கொடுக்கப்பட்ட நஞ்சு மருந்துகளால் மற்ற 30 குழந்தைகளும் இறந்துபோனார்கள். இந்த எண்ணிக்கையைப் பெருமை பேசுவதற்காக அவர் எழுதவில்லை. சாதியும் ஆணாதிக்கமும் ஒரு குழந்தை பிறப்பதற்கு முன்பே அதன் மீது என்ன செய்கின்றன என்று காட்டுவதற்காக எழுதினார். நிறுவனம் நடத்துகிறவர்கள் தோல்வியை மறைத்து ஆண்டறிக்கை எழுதுவது இன்று சாதாரணம். 35க்கு 5 என்று உள்ளதை உள்ளபடி எழுதிய அந்த நேர்மையை இந்தத் துறைக்குப் போகிறவர்கள் முதல் பாடமாகக் கொள்ள வேண்டும்.

அந்த இல்லத்துக்கு வந்த பிராமண விதவை ஒருவரின் மகனைப் புலே தம்பதி தத்தெடுத்தார்கள். யஷ்வந்த் என்ற அந்தப் பிள்ளை மருத்துவரானார். 1897இல் புனேயில் பிளேக் பரவியபோது தாயும் மகனும் நோயாளிகளுக்காக உழைத்தார்கள். முண்ட்வாவின் மகார் குடியிருப்பில் நோய் கண்ட ஒரு சிறுவனை சாவித்ரிபாய் தூக்கி வந்து சிகிச்சையில் சேர்த்தார். அதில் தொற்றிய நோயால் 1897 மார்ச் 10 அன்று இறந்தார். பிராமண விதவையின் குழந்தையையும் மகார் சிறுவனையும் ஒரே கையால் தூக்கியவர் அவர். இந்திய மண்ணில் குழந்தைநலம் என்று ஒரு சொல் உண்டென்றால் அதற்கு இலக்கணம் இங்கே இருக்கிறது.

பிள்ளையைப் பிரிப்பதற்கு ஒரு சட்டம்

அதே காலத்தில் அரசு வேறொரு பாதையில் போய்க்கொண்டிருந்தது. 1871இல் குற்றப் பழங்குடிகள் சட்டம் வந்தது. ஒரு சமூகத்தில் பிறந்தாலே அவர் குற்றவாளி என்றது அது. முதலில் வட இந்தியாவின் சில பகுதிகளுக்கு மட்டும் இருந்த இந்தச் சட்டம், 1911இல் திருத்தி எழுதப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. 1924இல் மீண்டும் தொகுக்கப்பட்டது.

கைரேகைச் சட்டம் என்று நம் ஊர்களில் சொல்லப்படும் இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது காவல் நிலையத்தையும் கைநாட்டையும் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். அதன் 17ஆம் பிரிவைப் பற்றிப் பேசுவது குறைவு. தொழிற்பள்ளி, வேளாண்பள்ளி, சீர்திருத்தப் பள்ளி ஆகியவற்றை அரசு தொடங்கலாம். குற்றப் பழங்குடி என்று அறிவிக்கப்பட்டவர்களின் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அங்கே வைக்கலாம் என்றது அந்தப் பிரிவு. பிள்ளை என்றால் 6 வயதுக்கு மேல் 18 வயதுக்குள். பிள்ளையின் வயதில் சந்தேகம் வந்தால் மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முடிவே இறுதி. தாய் சொல்லும் வயது செல்லாது. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு கண்காணிப்பாளரை அரசு நியமிக்க வேண்டும்.

இந்தக் 'கண்காணிப்பாளர்' என்ற சொல்லைக் கவனியுங்கள். இன்றைக்கு அரசுக் குழந்தைகள் இல்லங்களில் அமர்ந்திருப்பவரின் பதவிப் பெயரும் அதுதான். அந்தக் குழந்தைகளைப் பிரித்ததற்குச் சொல்லப்பட்ட காரணமும் நமக்குப் பழகிய காரணம்தான். கெட்ட சூழலிலிருந்து காப்பாற்றுகிறோம், நல்ல பழக்கம் சொல்லித் தருகிறோம், கைத்தொழில் கற்றுத் தருகிறோம். பிள்ளையின் பெற்றோரே அதன் நோய் என்று முடிவு கட்டிய பிறகு, பிரிப்பது மருத்துவம் ஆகிவிடுகிறது.

இது நாடோடிச் சமூகங்களுக்கு மட்டும் நடந்ததாக நினைக்கக் கூடாது. தென்னாற்காடு மாவட்டத்தின் வேப்பூர்ப் பறையர்கள் குற்றப் பழங்குடியாக அறிவிக்கப்பட்டவர்கள். அவர்களை வைப்பதற்கு அஜீஸ் நகர் குடியேற்றம் உருவாக்கப்பட்டது. ஆந்திரப் பகுதியில் பாபட்லாவை அடுத்த ஸ்டூவர்ட்புரம் குடியேற்றத்தில் எருகுலர்களை வைத்து நடத்தும் பொறுப்பு சால்வேஷன் ஆர்மி என்ற கிறித்தவ அமைப்பிடம் கொடுக்கப்பட்டது. தீண்டாமையால் ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவர்களைக் குற்றம் என்ற பெயரால் வேலிக்குள் தள்ளினார்கள். வேலிக்குள் பள்ளிக்கூடமும் இருந்தது, ஆஜர் எடுப்பதும் இருந்தது. ஒரே இடத்தில் நலமும் காவலும் ஒரே மனிதரின் கையில் இருந்தன. சென்னை மாகாணம் 1947இல் இந்தச் சட்டத்தை நீக்கியது. நாடு முழுவதும் நீங்கியது 1952 ஆகஸ்ட் 31 அன்று.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதில்லை. ஆஸ்திரேலியாவில் தொல்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பறித்து இல்லங்களிலும் வெள்ளையர் வீடுகளிலும் வைத்த அதிகாரியின் பதவிப் பெயர் 'பாதுகாவலர்'. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஏ.ஓ. நெவில் 1915 முதல் 1940 வரை அந்தத் துறையின் தலைமை நாற்காலியில் இருந்தார். தொல்குடிப் பிள்ளைகளுக்குச் சட்டப்படி காப்பாளர் அவர்தான், தாய் இல்லை. அங்கே 1997இல் விசாரணை அறிக்கை வந்தது. 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பால் பறிபோன பிள்ளைகள் திரும்பி வரவில்லை. ஆனால் நடந்தது அநியாயம் என்று அரசே ஒப்புக்கொண்டது. இங்கே 17ஆம் பிரிவின் பெயரில் பிரிக்கப்பட்ட பிள்ளைகளுக்காக அப்படி ஒரு விசாரணை நடக்க வேண்டும் என்று நாம்கூட உரக்கக் கேட்டதில்லை.

வறுமையைக் குற்றமாக எழுதிய வரிகள்

1920இல் சென்னைக் குழந்தைகள் சட்டம் வந்தது. இந்தியாவில் குழந்தைகளுக்கென்று வந்த இத்தகைய சட்டங்களில் இதுவே முதல். அடுத்து 1922இல் வங்காளமும் 1924இல் பம்பாயும் இயற்றின. சிறுவர்களைப் பெரியவர்களின் சிறையிலிருந்து பிரித்தது இந்தச் சட்டத்தின் நன்மை. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் குற்றம் செய்த பிள்ளைக்கும் ஏழைப் பிள்ளைக்கும் ஒரே வாசலை அது திறந்து வைத்தது. பிச்சையெடுத்தாலும், ஆதரவின்றித் திரிந்தாலும் பிள்ளையைப் பிடித்துச் சான்றுபெற்ற பள்ளிக்கு அனுப்பலாம்.

அந்தப் பள்ளிகளை நடத்திய துறை பல பெயர்கள் மாறியது; சமூகப் பாதுகாப்புத் துறை என்பதும் அவற்றில் ஒன்று. 1986இல் நாடு முழுவதற்குமான இளைஞர் நீதிச் சட்டம் வந்தது. 2000இல் புதிய சட்டம், 2015இல் மீண்டும் ஒரு புதிய சட்டம். இவற்றின் வழியே நல்ல மாற்றங்கள் வந்திருக்கின்றன. குழந்தைகள் நலக் குழு என்ற அமைப்பு வந்தது. பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன் நிறுத்த வேண்டும். இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும், பிள்ளையை வளர்க்கும் முதல் பொறுப்பு குடும்பத்துக்கே என்று 2015 சட்டத்தின் 3ஆம் பிரிவு கொள்கையாகவே சொல்கிறது.

ஆனால் அதே சட்டம் 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' யார் என்று விளக்கும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். வீடோ நிலையான இருப்பிடமோ இல்லாத, பிழைப்புக்கு வழி தெரியாத குழந்தை என்று வருகிறது. பிச்சையெடுக்கும் குழந்தை, சட்டத்துக்குப் புறம்பாக வேலை செய்யும் குழந்தை என்று வருகிறது. பட்டா இல்லாத புறம்போக்கில் குடிசை போட்டிருக்கும் குடும்பம், செங்கல் சூளைக்கு ஊர் ஊராகப் போகும் குடும்பம், நடைபாதையில் பத்து வருடமாக வாழும் குடும்பம் எல்லாமே இந்த வரிக்குள் எளிதாக அடங்கிவிடும். நிலம் யாரிடம் இல்லை, வீடு யாரிடம் இல்லை என்பதைச் சாதிதான் தீர்மானித்தது. சட்ட வரியில் சாதியின் பெயர் இல்லை. சாதி உண்டாக்கிய வறுமையின் அடையாளங்கள் இருக்கின்றன.

அதே வரியைப் படித்துவிட்டு இரண்டு அலுவலர்கள் இரண்டு விதமாக நடக்கலாம். ஒருவர் பிள்ளையை வண்டியில் ஏற்றி இல்லத்தில் சேர்ப்பார், பதிவேட்டில் 'மீட்கப்பட்டது' என்று எழுதுவார். இன்னொருவர் அந்தக் குடும்பத்துக்கு ரேஷன் அட்டை இருக்கிறதா, சாதிச் சான்றிதழ் இருக்கிறதா, பள்ளியில் இடம் இருக்கிறதா, தாய்க்கு விதவை உதவித்தொகை வருகிறதா, பிள்ளைக்கு நிதி ஆதரவு பெற்றுத் தர முடியுமா என்று பார்ப்பார். வறுமை ஒன்றை மட்டுமே காரணமாக வைத்துப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை 2009இல் ஏற்ற வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. நாற்காலியில் உட்காருபவர் யார் என்பது இங்கேதான் பெரிய விஷயமாகிறது.

நாமே நடத்திய விடுதிகள்

நம் மக்கள் அரசின் கருணைக்காகக் கைகட்டி நின்றுகொண்டிருக்கவில்லை. பிள்ளைகளுக்கான இடங்களைத் தாங்களே கட்டினார்கள்.

சென்னையில் ஆல்காட் 1894இல் தொடங்கிய பஞ்சமர் இலவசப் பள்ளியை நாம் அறிவோம். 1908இல் கோலாப்பூரில் சாகு மகாராஜா தீண்டப்படாத மாணவர்களுக்கு விடுதி திறந்தார். 1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கினார். கோயிலுக்குள் நுழைய நெருப்பில் இறங்க வேண்டும் என்று கதை சொல்லப்பட்ட அதே ஊரில், அந்தப் பெயரிலேயே நம் பிள்ளைகள் எழுத்துக் கற்றார்கள். அந்தப் பள்ளி இன்றும் அரசுப் பள்ளியாக நடக்கிறது. சென்னையில் எல்.சி. குருசாமி 1920களில் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்புகளில் அருந்ததியப் பிள்ளைகளுக்கு இரவுப் பள்ளிகள் நடத்தினார். பகலில் வேலைக்குப் போகும் பிள்ளைக்கு இரவில் பள்ளி என்பது அந்தப் பிள்ளையின் வாழ்க்கையைத் தெரிந்தவருக்கு மட்டுமே தோன்றும் யோசனை.

1924இல் அண்ணல் அம்பேத்கர் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபாவைத் தொடங்கினார். சபா எடுத்துக்கொண்ட முதல் வேலைகளில் ஒன்று சோலாப்பூரில் மாணவர் விடுதி. 1925 ஜனவரியில் அது திறக்கப்பட்டது. தங்க இடமும், சாப்பாடும், துணியும், புத்தகமும் கொடுத்தார்கள். அப்போது அவர் லண்டனில் படிப்பை முடித்துத் திரும்பி வழக்கறிஞராகக் கால் ஊன்றிக்கொண்டிருந்த காலம். மகத் குளத்துக்கு முன்னால் அவர் கையில் எடுத்தது பிள்ளைகளின் தங்குமிடம். உயர்கல்விக்குப் போகும் வழியில் நம் பிள்ளையை முதலில் தடுப்பது பாடம் இல்லை, வாடகைக்கு வீடு கிடைக்காததும் சாப்பாட்டுக் கடையில் தட்டு கிடைக்காததும்தான் என்று பட்டு அறிந்தவர் அவர். பரோடாவில் அரசு அதிகாரியாக வேலைக்குப் போன அவருக்கே தங்க இடம் இல்லாமல் போனது.

குற்றப் பழங்குடிக் குடியேற்றத்தின் பள்ளியையும் சோலாப்பூர் விடுதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு புரியும். இரண்டிலும் பிள்ளைகள் வீட்டை விட்டுத் தங்கினார்கள். இரண்டிலும் ஒரு மேலாளர் இருந்தார், பதிவேடு இருந்தது. முதலாவது பிள்ளையைப் பெற்றோரின் நிழல் படாமல் வைப்பதற்காக. இரண்டாவது பிள்ளை படித்துத் தன் மக்களிடம் திரும்பி வருவதற்காக. முதலாவதின் நிர்வாகி அரசுக்கு மட்டும் பதில் சொன்னார். இரண்டாவதின் நிர்வாகி சேரிக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இன்று தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நலத்துறை நடத்தும் விடுதிகள் இந்த இரண்டாவது மரபின் வாரிசுகளாக இருக்க வேண்டும். 2025இல் அரசு விடுதிகளுக்குச் 'சமூகநீதி விடுதிகள்' என்று பெயர் சூட்டப்பட்டது. பெயரை வரவேற்போம். கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, காப்பாளர் இரவில் தங்குகிறாரா, உணவுப்படி இன்றைய விலைவாசிக்குப் போதுமா என்று கேட்பதும் அந்தப் பெயருக்குள் அடங்கியதுதான்.

சோற்றுப் பானையும் ஊர்த்தெருவும்

குழந்தைநலத்தில் தமிழ்நாடு பெருமைப்படும் பகுதி உணவு. பெருமைக்குக் காரணம் இருக்கிறது. 1920இல் நீதிக்கட்சியின் பி. தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானித்தது. ஏழைப் பிள்ளைகள் பசியால் பள்ளிக்கு வராமல் போவதுதான் காரணம். 1956இல் காமராசர் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1982 ஜூலை 1 அன்று திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அங்கன்வாடியைக் கொண்டு வந்தது. 2022இல் காலை உணவுத் திட்டம் வந்தது.

உணவு என்று வந்தவுடன் சாதி சமையலறைக்குள் நுழைந்துவிடுகிறது. அங்கன்வாடி எந்தத் தெருவில் இருக்கிறது, யார் சமைக்கிறார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்பவர் நிர்வாகிதான். மையம் ஊர்த்தெருவில் இருந்தால் காலனிக் குழந்தையின் தாய் மூன்று வயதுப் பிள்ளையை அங்கே அனுப்பத் தயங்குகிறாள். மையம் காலனியில் இருந்தால் ஊர்க் குழந்தைகள் வருவதில்லை. சமைப்பவர் தலித் பெண் என்றால் திடீரென்று பலருக்கு வீட்டுச் சாப்பாடு பிடித்துப்போகிறது.

மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த நோயைப் பெயர் சொல்லியே பார்த்தது. 2001 நவம்பர் 28 அன்று அரசுப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தர வேண்டும் என்று ஆணையிட்டது. 2004 ஏப்ரல் 20 அன்று சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்றது. அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகள் எல்லாவற்றிலும் விரைவாக அங்கன்வாடி மையம் வர வேண்டும் என்றது. 2006 டிசம்பரில், குறைந்தது 40 குழந்தைகள் இருந்தும் மையம் இல்லாத குடியிருப்பு கேட்டால் மூன்று மாதத்துக்குள் மையம் திறக்க வேண்டும் என்றது.

இந்த ஆணைகளைக் கையில் வைத்துக்கொண்டு 2018க்கு வாருங்கள். திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியப் பெண் ஒருவர் சத்துணவுச் சமையலராக வந்தார். ஆதிக்கச் சாதியினர் அவர் சமைக்கக் கூடாது என்று திரண்டார்கள். நிர்வாகம் செய்தது என்ன? அந்தப் பெண்ணை இடமாற்றம் செய்தது. தலித் இயக்கங்களும் தீண்டாமைக்கு எதிரான அமைப்புகளும் வீதிக்கு வந்த பிறகே ஆணை திரும்பப் பெறப்பட்டது. எதிர்த்தவர்கள் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கும் பதிவானது. காமராசர் மதிய உணவைத் தொடங்கிய எட்டயபுரத்துக்கு அருகிலேயே உசிலம்பட்டி என்ற ஊரில் 2023இல் காலை உணவுக்கு அதே கதை நடந்தது. அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது.

அமைச்சர் ஒவ்வொரு பள்ளிக்கும் வர முடியாது. தினமும் அங்கே இருப்பவர் அமைப்பாளரும் வட்டார அலுவலரும்தான். 2018இல் ஓர் இடமாற்ற ஆணைக்குக் கையெழுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சில நொடிகள். அந்த நொடிகளில் அந்தப் பள்ளியின் எல்லாப் பிள்ளைகளும் ஒரு பாடம் கற்றார்கள். சாதி சொன்னால் அரசு கேட்கும் என்பதே அந்தப் பாடம். எந்தப் புத்தகமும் அதை அவ்வளவு தெளிவாகச் சொல்லித் தராது.

பானையைத் தூக்குபவர்களின் நிலையையும் சேர்த்துப் பேச வேண்டும். அங்கன்வாடிப் பணியாளருக்கு அரசு கொடுப்பதன் பெயர் சம்பளம் இல்லை, மதிப்பூதியம். பல பத்தாண்டுகள் உழைத்த பெண்களைக் 'கௌரவ ஊழியர்' என்று சொல்லிப் பணிக்கொடை மறுத்தார்கள். 2022 ஏப்ரலில்தான் அவர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. குழந்தையைப் பார்த்துக்கொள்வது பெண்ணின் இயல்பு, அதற்கு எதற்குச் சம்பளம் என்ற மனுவின் கணக்குதான் இத்தனை வருடம் நடந்தது.

நாற்காலிக்குப் போகும் தோழருக்கு

இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? நம்மில் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. பழைய பதிவேட்டையே நாமும் நிரப்பினால் கையெழுத்து மட்டும்தான் மாறும். மேலிருந்து 'இந்த மாதம் எத்தனை மீட்பு' என்று எண்ணிக்கை கேட்பார்கள். ஊர்ப் பெரியவர்கள் 'பிரச்சினை வேண்டாம்' என்பார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பெரும்பாலான பணிகள் ஒப்பந்தப் பணிகள். அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்ற பயம் ஒவ்வொரு கோப்பின் மேலும் உட்கார்ந்திருக்கும். இந்த நெருக்கடியைத் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும்.

எனவே சில வேலைகளைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பிள்ளையை இல்லத்தில் சேர்க்கப் பரிந்துரைக்கும் முன், குடும்பத்தோடு வைக்க என்னென்ன செய்து பார்த்தோம் என்பதை எழுத்தில் பதியுங்கள். எதுவும் செய்து பார்க்கவில்லை என்றால் அந்தக் கோப்பே உங்களைக் கேள்வி கேட்கும். தாயின் வார்த்தையை அவர் சொன்னபடி எழுதுங்கள், உங்கள் சுருக்கமாக எழுதாதீர்கள். இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளின் சமூக விவரத்தையும், எத்தனை மாதம் இருக்கிறார்கள் என்பதையும், எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்பதையும் தொகுத்து வையுங்கள். இல்லத்துக்குள் யார் சமைக்கிறார், யார் கழிவறை கழுவுகிறார் என்று பாருங்கள். எந்தப் பிள்ளையையாவது அந்த வேலைக்குத் தொடர்ந்து விடுகிறார்களா என்று தனியாகக் கேளுங்கள். சமையலர் மீது சாதிப் புகார் வந்தால் இடமாற்றம் தீர்வாகாது. தீண்டாமை கடைப்பிடிப்பதைக் குற்றம் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. பிள்ளைகளைப் பிரித்த பழைய சட்டத்திலும் அதே எண்தான் என்பதை மறக்காதீர்கள்.

நாற்காலிக்கு வெளியே இருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. குழந்தைகள் நலக் குழுவுக்குத் தலைவரையும் நான்கு உறுப்பினர்களையும் அரசு நியமிக்கிறது. உரிய பட்டமும், குழந்தைகளின் கல்வி, நலவாழ்வு, நலப்பணிகளில் ஏழாண்டுகள் உழைத்த அனுபவமும் உள்ளவர் விண்ணப்பிக்கலாம். நம் இயக்கங்களில் மாலை நேர வகுப்பு நடத்தி ஏழாண்டு ஓடியவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! அவர்களில் உரிய பட்டம் உள்ளவர்கள் விண்ணப்பிக்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் மாவட்டத்துக்கு மூன்று கேள்விகள் போடுங்கள். பட்டியல் சாதிக் குடியிருப்புகளில் எத்தனைக்கு அங்கன்வாடி இல்லை? சத்துணவு, காலை உணவுச் சமையலர்களில் நம் பெண்கள் எத்தனை பேர்? குழந்தைகள் பாதுகாப்பு அலகின் ஒப்பந்த நியமனங்களில் இடஒதுக்கீடு எப்படிப் பின்பற்றப்பட்டது? பதில் வந்தாலும் செய்தி, வராவிட்டாலும் செய்தி.

1871இல் தொடங்கிய பாதையில் நிர்வாகி பிள்ளையைப் பார்த்து 'இது யாருடைய பிள்ளை' என்று கேட்டார். பெற்றோரின் சாதியைத் தெரிந்துகொள்ளக் கேட்டார். பதில் தெரிந்ததும் பிள்ளையைப் பிரித்தார். 1863இல் தொடங்கிய பாதையில் அந்தக் கேள்வியே எழவில்லை. யார் பெற்ற பிள்ளையானாலும் பால் கொடுக்கப்பட்டது. இரண்டு பாதைகளும் இன்றைய அலுவலகங்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கின்றன. எந்தப் பாதையில் நடக்கிறோம் என்பது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கோப்பிலும் முடிவாகிறது.

படியுங்கள், தேர்வு எழுதுங்கள், அந்த நாற்காலிகளைப் பிடியுங்கள். பிடித்த பிறகு சேரிக்குப் பதில் சொல்லுங்கள்.

ஜெய் பீம்!